எழுந்த டிரைவர், எழாத டேட்டாபேஸ் – கடிதமும் பதிலும்

வணக்கம்,

டிரைவர்களைப் பிரித்து வைப்பது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, எங்கள் ஸென் சர்வரில் ஸ்டோரேஜ் கார்டின் டிரைவரைத் தனி வி.எம்.முக்கு (மெய்நிகர் கணினிக்கு) மாற்றினோம். அது விழுந்தால் உடனே கிளப்பிவிட ஒரு ஸ்கிரிப்ட்டும் உண்டு. போன வாரம் விழுந்தது, சில நொடிகளில் எழுந்தும்விட்டது. ஆனால் டேட்டாபேஸ் ஓடும் வி.எம். அப்படியே உறைந்து நின்றது. கடைசியில் எல்லாவற்றையும் ரீபூட் செய்தோம். அப்புறம் எதற்கு இப்படிப் பிரித்து வைக்க வேண்டும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

டிரைவர் விழுந்தும், வி.எம்.களையெல்லாம் ஓட்டும் ஹைப்பர்வைசர் (உங்களிடம் ஸென்) விழவில்லை. பிரித்து வைத்ததன் பலன் அதுதான். உங்கள் ஸ்கிரிப்ட் மட்டும் பாதி வேலையோடு நின்றுவிடுகிறது.

ஸெனில் ஒரு வி.எம்.மை மறுபடி கிளப்பினால் அதற்குப் புது டொமைன் எண், அதாவது அடையாள எண், கிடைக்கும். டேட்டாபேஸ் வி.எம்.மில் இருந்து டிஸ்க் கோரிக்கைகளை அனுப்பும் பகுதியான பிளாக்ஃபிரன்ட், தன் நினைவகப் பக்கங்களைத் தொட அனுமதி கொடுத்திருந்தது பழைய எண்ணுக்கு. எண் 5 செத்து எண் 9 வந்திருந்தால் அந்த 9 யாரென்றே அதற்குத் தெரியாது. ஆள் இல்லாத வீட்டு வாசலில் பதிலுக்காக நின்றுகொண்டிருக்கும். நீங்கள் உறைந்ததாகப் பார்த்தது அதைத்தான்.

சரி, புது எண்ணோடு இணைத்துவிட்டால் போதுமா? போதாது. விழுந்த நொடியில் பாதியில் நின்ற கோரிக்கைகள் என்ன ஆயின என்பது அதைவிடப் பெரிய கேள்வி. அந்தக் கணக்கு சாகாத பக்கத்தில் இருக்க வேண்டும். பிளாக்ஃபிரன்ட் அனுப்பிய ஒவ்வொரு கோரிக்கைக்கும், பதில் வரும்வரை, தன்னிடம் ஒரு நகல் வைத்துக்கொள்கிறது. லைவ் மைக்ரேஷன் (ஓடும் வி.எம்.மை வேறு சர்வருக்கு மாற்றுவது) முடிந்து மறுபடி இணையும்போது அந்த நகல்களைத்தான் திரும்ப அனுப்புகிறது. ஆக, வழி ஏற்கெனவே இருக்கிறது, உங்கள் ஸ்கிரிப்ட் அதைத் தூண்டவில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்விஃப்ட், பெர்ஷாட், லெவி ஆகியோர் குழு 2004இல் காட்டிய நிழல் டிரைவரும் இதே எண்ணம்தான்: டிரைவருக்குப் போகும் கோரிக்கைகளைப் பக்கத்தில் நின்று குறித்துக்கொண்டு, அது செத்தால் அதன் இடத்தில் நின்று சமாளிப்பது.

திரும்ப அனுப்பினால் ஒரே வேலை இரண்டு முறை நடக்கலாம். டிஸ்க்கில் ஒரே செக்டரில் ஒரே தரவை இரண்டு முறை எழுதினால் கெடுதல் இல்லை. நெட்வொர்க்கில் பாக்கெட் தொலைந்தால் டிசிபி மறுபடி அனுப்பும். பிரிண்டரில் அப்படி முடியாது, இரண்டு தாள் வந்துவிடும். டிஸ்க்கிலும் வரிசை முக்கியம், புது எழுத்தின் மேல் பழைய எழுத்து போய் உட்காரக்கூடாது.

இன்னொன்று, பலரும் விட்டுவிடுவது. டிரைவர் செத்தாலும் கார்டு சாகவில்லை. முன்பு சொன்ன முகவரிக்கு டிஎம்ஏ வழியாக, அதாவது சிபியு இல்லாமல் நேரடியாக நினைவகத்தில், எழுதிக்கொண்டே இருக்கும். அந்தப் பக்கத்தை கெஸ்ட் (இங்கே டேட்டாபேஸ் வி.எம்.) வேறு வேலைக்கு எடுத்திருந்தால் தரவு கெடும், ஏன் கெட்டது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கிராஷைவிட எனக்கு இதில்தான் பயம் அதிகம். எனவே முதலில் கார்டை ரீசெட் செய்ய வேண்டும், பிறகுதான் பக்கங்களை விடுவிப்பது, இணைப்பது எல்லாம். கார்டு எந்த நினைவகத்தைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் ஐஓஎம்எம்யு இல்லாத சர்வர் என்றால் இந்தப் பிரிவினையை நம்பவே வேண்டாம். கார்டு யார் நினைவகத்திலும் எழுதலாம்.

கடைசியாக கேச், அதாவது தற்காலிகச் சேமிப்பு. டிரைவர் வி.எம். எழுத்துகளைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டே ‘முடிந்தது’ என்று சொல்லியிருந்தால், அது விழுவது மின்சாரம் போனதற்குச் சமம். முடிந்ததாகப் பதில் வந்தவற்றுக்கு நகல் இருக்காது. கெஸ்ட் ஃபிளஷ் (எல்லாவற்றையும் டிஸ்க்கில் எழுதிவிடு என்ற கட்டளை) கேட்கும்போது தரவு உண்மையில் டிஸ்க்குக்குப் போகிறதா என்று பாருங்கள். க்யூஇஎம்யு என்ற மென்பொருள் வழியாக டிஸ்க் கொடுத்திருந்தால் ‘அன்சேஃப்’ கேச் முறை இருக்கவே கூடாது, அது ஃபிளஷைக் கண்டுகொள்ளாது.

இவற்றையெல்லாம் சரிசெய்தபின், ஒரு சோதனை சர்வரில் டேட்டாபேஸ் வேகமாக எழுதிக்கொண்டிருக்கும்போதே ‘எக்ஸ்எல் டெஸ்ட்ராய்’ என்ற ஸென் கட்டளையைக் கொடுத்து டிரைவர் வி.எம்.மைக் கொல்லுங்கள். பல முறை, பல நேரங்களில். ஒவ்வொரு முறையும் கமிட் ஆன (சேமித்தாயிற்று என்று டேட்டாபேஸ் உறுதி சொன்ன) வரிகளை எண்ணிப் பாருங்கள். என்ன கிடைத்தது என்று எழுதுங்கள், காத்திருக்கிறேன்.