கம்பஸ் முதல் வருஷம்: பிள்ளைகள் கேட்டதும் நான் சொன்னதும்

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு இப்போது மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் படிப்பிக்கிறேன். தேயிலைத் தோட்டத்தில் ஒரு மாலை வகுப்பும் நடக்கிறது. முதலாம் வருஷத்துப் பிள்ளைகள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

ஏ.எல் (உயர்தரம்) வரைக்கும் தமிழ் மீடியம் அக்கா. இப்ப லெக்சர் எல்லாம் இங்கிலீஷ். ஒண்ணும் விளங்கல, வீட்டுக்கே வந்திடலாம்னு இருக்கு. (கொட்டகலை, விஞ்ஞான பீடம்)

வந்து என்ன செய்யப் போகிறீர்கள், தம்பி? பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மொனராகலைப் பையனைக் கேட்டுப் பாருங்கள். அவன் சிங்கள மீடியம், அவனுக்கும் விளங்கியிருக்காது. முன்வரிசையில் தலையாட்டுகிறவர்களிலும் சிலர் சும்மாதான் ஆட்டுகிறார்கள். அடிக்கடி வரும் சொற்களைக் காதில் விழுகிறபடி தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இரவு ஸ்லைடோடு ஒப்பிட்டால் ஸ்பெல்லிங் கிடைக்கும், உங்கள் பழைய ஏ.எல் நோட்ஸைப் புரட்டினால் கருத்து கிடைக்கும். அந்த மொனராகலைப் பையனையும் சேர்த்துக்கொண்டு படியுங்கள். உங்களுக்குச் சிங்களம் வரும், அவனுக்குக் கொஞ்சம் தமிழ் வரும். ஆங்கிலப் பிரிவு நடத்தும் வகுப்பை மட்டும் கட் அடிக்காதீர்கள். அங்கே எல்லாரும் பிழையாகத்தான் பேசுவார்கள். வாய் திறந்து பழக அதைவிட நல்ல இடம் கிடையாது.

சீனியர்மார் சொல்றதக் கேட்டாத்தான் பிறகு உதவி கிடைக்குமாம், உண்மையா?

பொய். பகிடிவதை (ராகிங்) 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். நாள், நேரம், இடம், ஆள் எல்லாவற்றையும் எழுதி மாணவர் ஆலோசகரிடம் கொடுங்கள். நல்ல சீனியர் கேட்காமலே நோட்ஸ் தருவார்.

ஊர் எதுன்னு கேட்டா 'நுவரெலியா டவுன்'னு சொல்லிடுறேன். தோட்டம்னு சொல்ல ஒரு மாதிரி இருக்கு.

தோட்டத்தின் பெயரையே சொல்லிப் பாருங்கள் தங்கச்சி. 'எங்க அத்தையும் அங்கதான்' என்று யாராவது ஒருத்தி எழும்புவாள்.

லீவுல எங்க லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பிள்ளைகளுக்கு வகுப்பு வைக்க ஆசை. எப்படித் தொடங்குறது? (பொகவந்தலாவை)

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. லீவில் மட்டும் என்றால் வேண்டாம் என்பேன். பத்து நாள் வந்து, சாக்லேட் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களைத் தோட்டம் நிறையப் பார்த்துவிட்டது. வாரத்தில் ஒரு மாலை போதும், ஆனால் வருஷம் முழுக்க நடக்க வேண்டும். நீங்கள் பேராதனையில் இருக்கும்போது யார் பார்ப்பது? ஏ.எல் எழுதிவிட்டு ரிசல்ட்டுக்கும் கம்பஸுக்கும் காத்திருக்கிற அக்காமார், அண்ணன்மார் தோட்டத்தில் ஒருவராவது இருப்பார்கள். அவர்களிடம் பொறுப்பைக் கொடுங்கள், லீவில் வந்து நீங்கள் கைகொடுங்கள்.

இடத்துக்குப் பிள்ளைக் காம்பராவையோ (தோட்டத்துக் குழந்தைப் பராமரிப்பு நிலையம்) கோயில் மண்டபத்தையோ கேட்கலாம். கோயில் கமிட்டியிடம் வாயால் சொன்னால் போதும். துரையிடம் (தோட்ட மேலாளர்) கடிதமாகக் கொடுங்கள். எழுதி, கொண்டுபோய், ஆபிஸ் வாசலில் காத்திருந்து, பேசி வாங்கிவிட்டால் பிறகு டீனின் அறைக் கதவைத் தட்டுவது பெரிய வேலையாகத் தெரியாது. கொழுந்து நிறுத்துவிட்டு அம்மாமார் வீடு திரும்பிய பிறகு தொடங்குங்கள். அதுவரைக்கும் தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொள்வது இந்தப் பிள்ளைகள்தான்.

ஐந்தாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப் பரீட்சையின் மொடல் பேப்பரோடு போகாதீர்கள். முதல் நாள் ஒவ்வொரு பிள்ளையையும் பத்து வரி சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். 'ம-லை-யி-ல்' என்று எழுத்தெழுத்தாகச் சொல்லி முடித்துவிட்டு, என்ன சொன்னோம் என்று தெரியாமல் உங்கள் முகத்தைப் பார்க்கும் நாலாம் வகுப்புப் பிள்ளை கட்டாயம் இருக்கும். வகுப்பு அந்தப் பிள்ளைக்குத்தான். ஐந்தாம் வகுப்புக் கெட்டிக்காரனுக்கு டியூசன் இருக்கிறது.

'சும்மா ஓடித் திரியிறதுல காசு வருமா'ன்னு அப்பா கேட்கிறார்.

அப்பா கேட்பது நியாயம். மகாபொல உதவித்தொகை கிடைத்தாலும் முதல் தவணை கைக்கு வரப் பிந்தலாம். சாப்பாட்டுக்கே இழுபறியென்றால் முதலில் பகுதிநேர வேலை தேடுங்கள். சேவையை இரண்டாம் வருஷம் பார்த்துக்கொள்ளலாம். அதில் குற்றவுணர்ச்சிப்பட ஒன்றுமில்லை.

மண்சரிவு வந்தா கம்பஸ் பிள்ளைகள் நாங்க என்ன செய்யலாம்? (ஹல்துமுல்லை)

2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து லயங்களே மண்ணுக்குள் போயின. உங்கள் பக்கத்துக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மண்வெட்டியோடு அந்த இடத்துக்கு ஓடாதீர்கள். ஈரமண் மறுபடி இறங்கும், மீட்புக்காரருக்கு நீங்களும் ஒரு சுமையாகிவிடுவீர்கள். முகாமுக்குப் போங்கள். சிங்களத்தில் வரும் படிவத்தை நிரப்ப ஆள் தேவைப்படும், வந்திருக்கும் அதிகாரிக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். ஒரு கொப்பியை எடுத்து, குடும்பம் குடும்பமாக யார் யார், அடையாள அட்டை இலக்கம், தினம் குடிக்கிற மருந்து, தொலைந்த சான்றிதழ்கள் என்று எழுதுங்கள். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்திலும், ஓ.எல் (சாதாரண தரம்) சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்திலும் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கும் உங்கள் கை தேவை.

இந்தப் பட்டியலை மழைக்கு முன்பே லயம் லயமாக எழுதி வைத்தால் இன்னும் நல்லது. ஒரு பிரதி கோயில் கமிட்டியிடம், இன்னொன்று தோட்டத்து டிஸ்பென்சரியில்.