சாட்சியை நேரில் பார்த்த நீதிபதி நம்பியதை மேல்முறையீட்டு நீதிமன்றம் மாற்றலாமா?

மாற்றலாம். ஆனால் நினைத்த மாத்திரத்தில் மாற்றிவிட முடியாது.

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், கீழ்க் கோர்ட்டில் உங்கள் பக்கம் தீர்ப்பாகியிருக்கிறது. எதிர்த்தரப்பு அப்பீல் போயிருக்கிறது. "உங்கள் சாட்சி மேலே நிற்காது" என்று யாரோ வயிற்றில் புளியைக் கரைத்திருக்கிறார்கள். சிவில் வழக்கு என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை, மண்டியில் கணக்கெழுதி ஓய்ந்தவன். வக்கீல் இல்லாதவனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஒரு நீதிபதி நம்பி, இன்னொரு நீதிபதி நம்பாமல் போன சாட்சி நான். அந்தத் தகுதி போதும்.

பக்கத்து வீட்டு அத்தை (உறவில்லை, அப்படிக் கூப்பிட்டே பழக்கம்) தன் வீட்டையும் கொல்லையையும் கடைசி மகளுக்கு எழுதிவைத்த உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். பதிவு செய்யாத உயில். அத்தை போன பிறகு மூத்த மகன் பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போட்டார். உயிலே பொய் என்றார். உயிலை நிரூபிக்க, அதில் சாட்சியாகக் கையெழுத்திட்டவர்களில் ஒருவராவது கூண்டேற வேண்டும் என்பது சட்டம். இன்னொரு சாட்சி அதற்குள் காலமாகிவிட்டார். ஆக, நான்தான்.

முதல் விசாரணையை (சாட்சியை அழைத்த தரப்பு வக்கீலே கேட்கும் கேள்விகள்) இப்போது வாயால் கேட்பதில்லை. சிவில் நடைமுறைச் சட்டத்தில் 2002இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அதைப் பிரமாண வாக்குமூலமாகத் தட்டச்சு செய்து தாக்கல் செய்துவிடுகிறார்கள். குறுக்கு விசாரணைக்குத்தான் ஆள் நேரில் நிற்க வேண்டும். அத்தை கையெழுத்துப் போட்ட மை நீலமா, கறுப்பா என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். கவனிக்கவில்லை என்றேன். சாட்சிகளில் யார் முதலில் போட்டது என்றார். நான்தான், மற்றவர் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார் என்றேன். "அன்றைக்கு அந்த அம்மாளுக்குச் சுயநினைவே இல்லை என்கிறேன்" என்றார். எனக்குச் சுருக்கென்று வந்தது. "கையெழுத்துப் போட்ட கையோடு, முருங்கைக்காய் விற்ற காசில் எட்டு ரூபாய் குறைகிறதே என்று என்னிடம் கணக்குக் கேட்டவர் ஐயா அவர்" என்றேன். வழக்கை விசாரித்த நீதிபதியான முன்சீப், எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

பின்னால் நகல் வாங்கிப் பார்த்தேன். அதில் இருந்தது இவ்வளவுதான்: "உயில் எழுதிய அன்று சுயநினைவு இல்லை என்றால் சரியல்ல." எட்டு ரூபாய் இல்லை, முருங்கைக்காய் இல்லை.

உங்கள் கேள்விக்கான பதிலே இதில்தான் இருக்கிறது. மேல்முறையீட்டு நீதிபதிக்குக் கிடைப்பது அந்த ஒற்றை வரி. முன்சீப்புக்குக் கிடைத்தது முழு ஆள். அதனால்தான் 1950இல் சர்ஜு பர்ஷாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வரம்பு போட்டது. இரு தரப்பு வாய்மொழிச் சாட்சியமும் மோதி, யாரை நம்புவது என்பதில் வழக்கு நிற்கும்போது, கீழ் நீதிபதியின் முடிவில் சாதாரணமாகக் கை வைக்கக் கூடாது. வைப்பதானால், அந்தச் சாட்சியத்தில் உள்ள ஏதோ ஒரு முக்கிய அம்சம் அவர் கண்ணில் படாமல் போயிருக்க வேண்டும். அல்லது சாட்சி சொல்வது நடந்திருக்கவே வாய்ப்பில்லை என்று சூழ்நிலைகள் பலமாகக் காட்ட வேண்டும். ஆவணத்தைப் படித்து ஊகித்த முடிவுகளுக்கு இந்த மரியாதை கிடையாது. காகிதத்தை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். சிவில் நடைமுறைச் சட்டம் 96ஆம் பிரிவின்படி முதல் மேல்முறையீட்டில் சங்கதி (நடந்தது என்ன என்பது), சட்டம் இரண்டையும் அலசலாம். ஆனால் தீர்ப்பை மாற்றுகிறவர் கீழ் நீதிபதி சொன்ன காரணங்களை நேருக்கு நேர் எதிர்கொண்டு பதில் எழுத வேண்டும் என்று 2001இல் சந்தோஷ் ஹசாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொல்லியிருக்கிறது.

(கிரிமினல் வழக்கென்றால் கணக்கே வேறு. விடுதலையான ஆள் மீதான மேல்முறையீட்டில், இரண்டு விதமாகவும் பார்க்க இடமிருந்தால் விடுதலையைத் தொடக் கூடாது. 1934இல் பிரிவி கவுன்சில் (அன்றைக்கு நமக்கு மேல்கோர்ட்டாக லண்டனில் இருந்தது) சொன்ன ஷியோ ஸ்வரூப் வழக்கிலிருந்து வரும் வழி அது.)

எங்கள் வழக்கில் முன்சீப் உயிலை ஏற்று வழக்கைத் தள்ளுபடி செய்தார். சாட்சி தயக்கமில்லாமல் இயல்பாகப் பதில் சொன்னார் என்று ஒரு வரியும் எழுதினார். மேல்முறையீட்டில் அந்த வரியைப் பற்றி ஒரு சொல் கிடையாது. மையின் நிறம் தெரியவில்லை, பிரதிவாதி வீட்டோடு நெடுநாள் பழக்கம் வேறு, எனவே "பி.சா.2 நம்பத்தகுந்தவர் அல்ல" என்று முடித்துவிட்டார்கள். பி.சா.2 என்றால் பிரதிவாதி தரப்பு இரண்டாம் சாட்சி, அதாவது நான். தெரியாமல்தான் கேட்கிறேன், ஒரு கிழவி உயிலுக்குச் சாட்சி போட, பழக்கமில்லாதவனையா தெருவில் தேடிப் பிடிப்பாள்?

என் கோபத்தில் நியாயத்தை மறைத்துவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது. பதிவில்லாத உயில், மற்ற பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. இப்படிச் சந்தேகத்துக்கிடமான சூழ்நிலை இருந்தால் அதைப் போக்கும் பொறுப்பு உயிலைக் காட்டுகிறவருடையது என்று 1958இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வெங்கடாசல ஐயங்கார் வழக்கிலேயே சொல்லியாயிற்று. அந்த வழியில் போய் மாற்றியிருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். மைக்காகவா?

கடைசி மகள் உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடு போட்டார். அங்கே சங்கதிக்குள் போக மாட்டார்கள். முக்கியமான சட்டக் கேள்வி இருக்க வேண்டும். காரணங்களுக்குப் பதில் சொல்லாமலே புரட்டிவிட்டார்கள் என்பதே அந்தக் கேள்வி. அது விசாரணைக்கு வருமுன் அண்ணனும் தங்கையும் ராஜியாகிவிட்டார்கள். நல்லதுதான், பேரன் காதுகுத்துக்கு இரண்டு வீட்டிலிருந்தும் எனக்குப் பத்திரிகை வந்தது. ஆனால் பி.சா.2 பற்றிய வரி அப்படியே கிடக்கிறது. வழக்குத் தரப்பினர் அப்பீல் போகலாம், சாட்சி எங்கே போவது? வாய்தாவுக்கு வாய்தா வராந்தாவில் கால் கடுக்க நின்றதற்கு உட்கார ஒரு பெஞ்சு இல்லை, சாட்சிப் படி என்று கொடுத்தது பஸ்ஸுக்கும் டீக்கும் காணாது. பிறகு சாட்சி சொல்ல ஆள் வரவில்லை என்று அலுத்துக்கொள்கிறார்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வக்கீலிடம் இரண்டைப் பார்க்கச் சொல்லுங்கள். சாட்சியின் நடத்தையைப் பற்றி நீதிபதி குறிப்பெழுத நடைமுறைச் சட்டத்தில் 18ஆம் கட்டளை, 12ஆம் விதி இடம் தருகிறது. அப்படி ஏதாவது எழுதியிருக்கிறாரா? அடுத்து, குறுக்கு விசாரணை நடந்த நாளில் அமர்ந்திருந்தவரும் தீர்ப்பு எழுதியவரும் ஒரே நீதிபதிதானா? இடையில் மாறுதல் வந்து புதியவர் பழைய பதிவை வைத்துத் தீர்ப்பு எழுதியிருந்தால் அது செல்லும்தான், ஆனால் அவரும் சாட்சியைப் பார்க்கவில்லை. சாட்சியம் பதிய கோர்ட் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையர் முன்பு குறுக்கு விசாரணை நடந்திருந்தாலும் அதே கதை. அப்படியிருந்தால் நேரில் பார்த்தவர் என்ற வாதத்தை நம்பி அப்பீலில் போய் நிற்காதீர்கள்; ஆவணங்களைத் திரட்டிக்கொண்டு போங்கள்.