பள்ளிகள் மூடியிருந்த காலத்தில் ஆசிரியர்கள் மாணவர்களோடு எப்படித் தொடர்பில் இருந்தீர்கள்?

கொரோனா நேரத்தை மனசுல வெச்சுதான் கேட்டிருப்பீங்கன்னு நினைக்கிறேன். ஆனா எங்க பக்கம் ஸ்கூல் மூடுறது கொரோனாவோட வந்த விஷயம் இல்லைங்க. நான் வேலை பாக்குறது நீலகிரி மாவட்டம் பந்தலூர் தாலுகாவுல ஒரு அரசு நடுநிலைப் பள்ளி, பேரு வேண்டாம். ஜூன்ல மழை புடிச்சா ஆகஸ்ட் வரைக்கும் என்னைக்கு லீவுன்னு காலைல கலெக்டர் சொன்னாதான் தெரியும், ஊட்டியில ஸ்கூல் நடக்கும், கூடலூர் பந்தலூருக்கு மட்டும் லீவு விடுவாங்க. அதனால 2020 மார்ச்ல மூடச் சொன்னப்ப நாங்க யாரும் பெருசா அலட்டிக்கல. பதினஞ்சு நாள்ல திறந்துருவாங்கன்னு நானும் சாக்பீஸ் டப்பாவ மேஜை மேலயே வெச்சுட்டு வந்துட்டேன்.

அப்ப நான் அஞ்சாம் கிளாஸ் டீச்சர். 23 பிள்ளைங்க. அந்த வருஷம்தான் அஞ்சாம் கிளாஸுக்கும் எட்டாம் கிளாஸுக்கும் பொதுத்தேர்வுன்னு சொல்லி புள்ளைங்கள பயமுறுத்தி வெச்சிருந்தோம், பிப்ரவரியில அது ரத்தாச்சு, அடுத்த மாசம் ஸ்கூலே மூடிருச்சு. திரும்ப ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் திறந்தது 2021 நவம்பர் 1. அதாவது அஞ்சாவதுல விட்ட புள்ள ஏழாவதுல வந்து உக்காருது, ஆறாம் கிளாஸ் ரூம்ல ஒரு நாள் கூட உக்காரல.

முதல்ல எல்லாரும் பண்ணதைத்தான் நானும் பண்ணேன், வாட்ஸாப் குரூப். 23 பேர்ல 9 வீட்டுலதான் அந்த மாதிரி போன். அதுவும் அப்பாவோட போன். கொஞ்ச நாள்ல பாதி ஆள வெச்சு தேயிலைத் தோட்ட வேலை நடத்தலாம்னு விட்டாங்க, அதுக்கப்புறம் போன் காலைல அப்பா பாக்கெட்ல கிளம்பிப் போயி சாயங்காலம்தான் லைன் வீட்டுக்கு, அதாவது எஸ்டேட்ல தொழிலாளிங்களுக்கு வரிசையா கட்டின வீட்டுக்கு வரும், வர்றப்ப சார்ஜ் இருக்காது. நான் பத்து மணிக்கு பின்னம் கணக்கு வீடியோ போட்டா ராத்திரி எட்டு மணிக்கு ஒரு அப்பா கட்டைவிரல் போடுவார். இன்னொரு அப்பா பூண்டு தண்ணி குடிச்சா கொரோனா வராதுன்னு தினமும் ஃபார்வர்ட் பண்ணுவார், நானும் வேற வழியில்லாம அவருக்கு கட்டைவிரல் போடுவேன். ரெண்டு மாசம் இப்படியே ஓடுச்சு.

கல்வித் தொலைக்காட்சி இருந்துச்சே டீச்சர்னு கேப்பீங்க. 2019 ஆகஸ்ட்லயே ஆரம்பிச்ச சேனல் அது, லாக்டவுன்ல ஒவ்வொரு கிளாஸுக்கும் நேரம் ஒதுக்கி பாடம் போட்டாங்க, நான் பாத்த வரைக்கும் பாடம் நல்லாவே இருந்துச்சு. ஆனா எங்க பக்கத்து தேவாலா மழையில ஒரு சில்வர் ஓக் மரம் கம்பி மேல சாஞ்சா மூணு நாளைக்கு கரண்ட் வராது, வந்தப்புறம் அந்தப் பாடம் போயிருக்கும். டிவி கிட்ட போயி நேத்து புரியல மறுபடி சொல்லுன்னு கேக்க முடியுமா.

சரின்னு ஒவ்வொரு வீட்டுக்கும் போன் அடிச்சு பேச ஆரம்பிச்சேன், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல, பட்டன் போன் இருக்கிற வீட்டுக்கும் சேத்து. அதுலயும் நான் பண்ண தப்ப சொல்லிடறேன். சாப்டியா? சாப்டேன் டீச்சர். படிக்கிறியா? ம். வாய்ப்பாடு எது வரைக்கும் தெரியும்? ...அவ்ளோதான், லைன்ல மழை சத்தம் மட்டும் கேக்கும். மூணாவது தடவை கூப்பிட்டப்ப அம்மா எடுத்து "அவன் தூங்கிட்டான் டீச்சர்"ங்குறாங்க, பின்னாடியே அவன் சிரிக்கிற சத்தம் கேக்குது. எனக்குக் கோவம் வரல, வெக்கமா இருந்துச்சு. நான் பேசல, பரீட்சை வெச்சிட்டு இருந்திருக்கேன், அதுவும் அப்பா அம்மா ரெண்டு பேரும் பக்கத்துல நின்னு கேட்டுட்டு இருக்கிறப்போ.

மாறுனது ஒரு யானையால. புத்தகம் குடுக்கிறதுக்காக ஒரு நாள் நான் ஸ்கூட்டியில எஸ்டேட் ரோட்ல போகணும், முந்தின நாள் அங்க பலாமரத்துக்கு யானை வந்துச்சுன்னு கேள்விப்பட்டேன். அந்த லைன்லதான் நம்ம தூங்குற பையன் இருக்கான். போன் அடிச்சு, டேய் நாளைக்கு நான் வரணும், எந்த வழி வந்தா சரியா இருக்கும்னு கேட்டேன். அன்னைக்குப் பேசுனான் பாருங்க, பன்னெண்டு நிமிஷம். எத்தனை நிக்குது, குட்டி இருக்கா, எந்த வளைவுல வண்டிய ஆஃப் பண்ணி சாணி சூடா இருக்கான்னு பாக்கணும், கோயில் கிட்ட இருக்கிற பலா முடிஞ்சிருச்சு அதனால இனி ஆத்துப் பக்கம்தான் இறங்கும், காலைல ஒன்பதுக்கு மேல வாங்க டீச்சர் அதுக்கு முன்னாடி வேண்டாம். எனக்குத் தெரியாத ஒண்ண நெஜமாவே தெரிஞ்சுக்கணும்னு கேட்டேன், அவனும் சொன்னான்.

அதுல இருந்து ஒரு பழக்கம் வெச்சுக்கிட்டேன். எல்லாருக்கும் நாப்பது பக்க நோட்டு ஒண்ணு. அதுல நான் எழுதுற கேள்விகள்ல ஒண்ணாவது எனக்கு பதில் தெரியாததா இருக்கணும். நோட்டு போக வர ரெண்டு வழி. சத்துணவுக்கு பதிலா அரிசி பருப்பு குடுத்தாங்க இல்லையா, அத வாங்க வீட்டாளுங்க ஸ்கூலுக்கு வர்ற நாள் ஒண்ணு. இன்னொண்ணு எஸ்டேட் முக்குல டீக்கடை வெச்சிருக்கிற சேட்டன். அவர் ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டிய ஓரமா வெச்சாரு, சனிக்கிழமை பிள்ளைங்க அதுல நோட்டு போட்டுட்டு போவாங்க, நான் எடுத்துட்டு வந்து எழுதி செவ்வாக்கிழமை திருப்பி வெப்பேன். அவருக்கு மலையாளம்தான் படிக்கத் தெரியும், அதனால ஒவ்வொரு வாட்டியும் "டீச்சரே, இதுல என்ன எழுதியிருக்கு"ன்னு கேட்டு என்னைய உக்கார வெச்சு வாசிக்க விட்டுட்டுதான் டீக்கு காசு வாங்காம அனுப்புவாரு. நோட்டெல்லாம் புகையும் சமோசாவும் கலந்த வாசனை அடிக்கும்.

கேள்வி என்னன்னா... உங்க வாசல்ல நின்னா சூரியன் எந்த மரத்துக்குப் பின்னாடி எழும்புதுன்னு வாராவாரம் எழுதுங்கன்னு ஒண்ணு கேட்டேன். ஜூலை மாசம் முழுக்க ஒரு பொண்ணு நாலு வாரத்துக்கும் ஒரே பதில், "சூரியன் வரல டீச்சர்". கேட்டது என் முட்டாள்தனம்.

ஆனா அந்த மழையே எங்களுக்கு பாடமாச்சு. வாயும் அடியும் ஒரே அகலமா இருக்கிற டின்ன வெட்டவெளியில, மரம் கூரை எதுவும் சொட்டாத இடத்துல வைக்கணும், தினமும் காலைல எட்டரைக்கு ஸ்கேல உள்ள விட்டு எத்தனை மில்லிமீட்டர்னு பாத்து எழுதிட்டு கொட்டிடணும். எட்டரை ஏன்னா வானிலை ஆபீஸ்காரங்களும் அந்த நேரத்துலதான் அளப்பாங்க. டின் அகலமா இருந்தா தண்ணி ஜாஸ்தி விழுமே, அப்ப அளவும் ஜாஸ்தி வருமான்னு ஒருத்தன் கேட்டு எழுதிருந்தான். நான் பதில் சொல்லல, ரெண்டு டின் வெச்சுப் பாருடான்னு எழுதினேன். அடுத்த வாரம் "ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர், நம்பவே முடியல"ன்னு வந்துச்சு. கிளாஸ்ல இருந்திருந்தா போர்டுல படம் போட்டு ரெண்டு நிமிஷத்துல நானே சொல்லிக் கெடுத்திருப்பேன்.

அப்புறம் ஒரு வாரம் 2019 ஆகஸ்ட்ல எங்க நீலகிரியிலயே அவலாஞ்சியில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் மழை பேஞ்சத பத்தி எழுதி, அது எவ்ளோ உயரம்னு உங்க வீட்டுல ஏதாவது ஒண்ணோட வெச்சுக் காட்டுங்கன்னு கேட்டேன். கதவுல பாதி கூட இல்லன்னு ஒருத்தன், பாட்டி ஊன்றுகோல விட கொஞ்சம் கம்மின்னு இன்னொருத்தி. ஒரு பொண்ணு தம்பிய சுவத்துல நிக்க வெச்சு அளந்திருக்கா, "சரியா எங்க தம்பி அளவு, அவனுக்கு ஒண்ணரை வயசு, அவன் தலை முங்கிரும்"னு எழுதிருந்தா. அத வாசிச்சப்ப சேட்டன் கூட டீ ஆத்துறத நிறுத்திட்டாரு.

எல்லாக் கேள்வியும் நல்ல கேள்வி இல்ல, அதையும் சொல்லணும். உங்க வீட்டுல இன்னைக்கு எத்தனை கிலோ கொழுந்து பறிச்சாங்க, எழுதிட்டு வாங்க, கூட்டல் கழித்தல் சராசரி எல்லாம் போடலாம்னு ஆரம்பிச்சேன். ஒரு பையன் ரொம்ப சூட்டிகை, அம்மா சொன்ன எடை, சீட்டுல போட்ட எடை, ரெண்டையும் தனித்தனியா எழுதி வித்தியாசத்தையும் எழுதிட்டான். மழை நாள்ல ஈரத்துக்குன்னு கழிப்பாங்க, சாக்குக்கும் கழிப்பாங்க, அது ஊரறிஞ்சதுதான். ஆனா நோட்டுல வரிசையா தேதி போட்டு இருந்தா அது வேற மாதிரி தெரியுது. அரிசி வாங்க வந்த அவங்கம்மா என்னை ஓரமா கூப்டு "டீச்சர், நோட்டு கடையில கிடக்குது, யாராச்சும் பாத்து எடை போடுறவங்ககிட்ட சொல்லிட்டா..."ன்னு நிறுத்திட்டாங்க. எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. இந்தியாவும் இலங்கையும் 1964-ல போட்ட சாஸ்திரி ஒப்பந்தத்துல இலங்கையில இருந்து திரும்பி வந்த குடும்பம் அது, மூணு தலைமுறையா தோட்டத்த நம்பியே வாழ்றவங்க. அந்தக் கணக்க அந்த வாரத்தோட நிறுத்திட்டேன். அந்தப் பையன்கிட்ட மட்டும் தனியா சொன்னேன், நீ எழுதுனது தப்பில்ல, வீட்டுல ஒரு நோட்டுல எழுதி வெச்சுக்கோ, கடைப் பெட்டியில போட வேண்டாம்னு.

பணியர்னு இங்க இருக்கிற பழங்குடி மக்களோட காலனியில இருந்து மூணு பிள்ளைங்க. அங்க ஆரம்பத்துல வெளியாள் யாரும் வர வேண்டாம்னு அவங்களே சொல்லிட்டாங்க, நியாயந்தான், நான்தான் நோயக் கொண்டு போயி விட்டிருப்பேன். போன் கிடையாது. ஒரு பொண்ணு கிளாஸ்லயே என்கிட்ட வாயத் திறக்காது, வீட்டுல பேசறது பணிய பாஷை. அவளோட பாட்டி வர்றப்ப நோட்டோட கலர் பென்சில் குடுத்து, மழைக்காலத்துல என்ன கீரை சாப்பிடுவீங்கன்னு கேட்டு விட்டேன். இலைய நோட்டுல சோத்துப் பருக்கை வெச்சு ஒட்டி பேர அவங்க பாஷையிலேயே தமிழ் எழுத்துல எழுதி அனுப்பிருக்கா, பதினோரு இலை. எனக்குத் தெரிஞ்சது ரெண்டே ரெண்டு. ஸ்கூல் திறந்தப்புறம் "டீச்சர் அந்த இலைய சாப்பிட்டீங்களா"ன்னு கேட்டுதான் முதல் முதலா என்கிட்ட பேசுனா.

23 பேரையும் புடிச்சு வெச்சேன்னு நினைச்சுடாதீங்க. ஒரு பையன் நோட்டு ரெண்டு தடவைதான் வந்துச்சு. அவங்கப்பாவுக்கு வேலை போயி குடும்பமா கர்நாடகா பக்கம் இஞ்சிக்காட்டுக்கு போயிட்டாங்க. அந்த நம்பர் கொஞ்ச நாள் அடிச்சுது, அப்புறம் ஸ்விட்ச் ஆஃப். நோட்டு என் பீரோவுலதான் இருக்கு.

ஸ்கூல் திறக்கிற சமயத்துல இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்துச்சு, 2021 அக்டோபர் கடைசியில தொடங்குனாங்க, சாயங்காலம் அஞ்சுல இருந்து ஏழுக்குள்ள தன்னார்வலர்கள் வீட்டுப் பக்கத்துலயே சொல்லிக் குடுக்கணும். எங்க ஊர்ல அஞ்சு டூ ஏழு யானை இறங்குற நேரம். ஆனா சொல்லிக் குடுக்கிற பொண்ணு அதே லைன்ல மூணாவது வீடா இருந்ததால அது ஓடுச்சு.

நோட்டு இன்னும் நிக்கல. இப்பவும் மழை லீவு விட்டா பெட்டி சேட்டன் கடைக்குப் போயிரும். நீங்களும் இத மாதிரி செய்யப் போறீங்கன்னா ரெண்டு விஷயம். பேனா வேண்டாம், பென்சில்ல எழுதச் சொல்லுங்க, எங்க ஊர் ஈரத்துல இங்க் ஊறி மறுபக்கம் வந்துருது. சிவப்பு மையில திருத்தாதீங்க, நான் முதல் வாரம் எழுத்துப்பிழைய வட்டம் போட்டுக் குடுத்தேன், அடுத்த வாரம் பெட்டியில ஆறு நோட்டு குறைஞ்சுது, அத திருப்பி வாங்க எனக்கு ஒரு மாசம் ஆச்சு.