ரேட்டிங் குறைவு, செலவு அதிகம்: ஜெர்சி சிட்டிப் பள்ளியில் சேர்க்கலாமா?

கேள்வி: கணவருக்கு நியூயார்க்குக்கு வேலை மாற்றல் வந்திருக்கிறது. கோடையில் சென்னையிலிருந்து கிளம்புகிறோம். மகள் மூன்றாம் வகுப்புக்குப் போகிறாள், மகனுக்கு மூன்று வயது. நியூயார்க்குக்கு எதிர்க்கரையில், நியூஜெர்சி மாநிலத்தில் இருக்கும் ஜெர்சி சிட்டியில் வீடு எடுத்தால் ஆபீஸ் பக்கம். ஆனால் வீடு தேடும் ஆப்பில் அங்குள்ள பள்ளிக்குப் பத்துக்கு 4 என்றும், தள்ளியுள்ள ஒரு புறநகர்ப் பள்ளிக்கு 9 என்றும் காட்டுகிறது. புறநகரில் வாடகையும் அதிகம். ஜெர்சி சிட்டியில் பாதிக்கு மேல் ஏழைப் பிள்ளைகளாம், ஒரு மாணவருக்கு ஆகும் செலவும் புறநகரைவிட அதிகமாம். அவ்வளவு பணம் கொட்டியும் மதிப்பெண் வரவில்லை என்றால் பள்ளி சரியில்லை என்றுதானே அர்த்தம்?

பதில்: அப்படி எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியவர்களை மட்டும் பதினோராம் வகுப்பில் சேர்த்துக்கொண்டு, '100 சதவீதத் தேர்ச்சி' என்று பேனர் கட்டும் பள்ளிகளை நம் ஊரில் பார்த்திருப்பீர்கள். அமெரிக்கப் புறநகர்களில் நுழைவுத் தேர்வு கிடையாது. அந்த வேலையை வீட்டு வாடகையே பார்த்துவிடுகிறது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷான் ரியர்டன் நாடு முழுவதும் 3 முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான தேர்வு முடிவுகளைத் தொகுத்து ஆராய்ந்தார். ஒரு ஸ்கூல் டிஸ்ட்ரிக்டின் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) சராசரி மதிப்பெண் அங்குள்ள குடும்பங்களின் பொருளாதார நிலையோடு மிக நெருக்கமாக ஒட்டிப்போகிறது. ஆனால் பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு முன்னேறுகிறார்கள் என்று பார்த்தால் அந்த ஒட்டுதல் வெகுவாகத் தளர்ந்துவிடுகிறது. வறுமை மிகுந்த சிகாகோவில், அவர் ஆராய்ந்த மாணவர்கள் ஐந்தாண்டில் ஏறக்குறைய ஆறு ஆண்டுக்கான பாடம் முன்னேறியிருந்தார்கள். சராசரி மதிப்பெண், யார் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதைத்தான் அதிகம் சொல்கிறது. பள்ளி என்ன செய்கிறது என்பது முன்னேற்றக் கணக்கில்தான் தெரியும்.

அதனால் ஆப்பை மூடிவிட்டு, நியூஜெர்சி கல்வித்துறை ஒவ்வொரு பள்ளிக்கும் வெளியிடும் செயல்பாட்டு அறிக்கையைத் திறங்கள். அதில் 'மாணவர் வளர்ச்சி' என்ற பகுதி இருக்கும். முன்பு இதேபோல் மதிப்பெண் எடுத்திருந்த மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு, இந்தப் பிள்ளை எவ்வளவு முன்னேறினார் என்ற கணக்கு அது. 50 என்றால் நடுவில். ஓராண்டு எண்ணை வைத்து முடிவு கட்டாதீர்கள். சின்னப் பள்ளிகளில் அது தாறுமாறாக ஏறி இறங்கும், இரண்டு மூன்று ஆண்டு பாருங்கள். அப்புறம், பொருளாதாரத்தில் பின்தங்கிய மாணவர்களின் முடிவுகள் தனியாக இருக்கும். இரண்டு பள்ளிகளிலும் அந்த ஒரே பிரிவை ஒப்பிட்டால், 4-க்கும் 9-க்கும் நடுவே தெரிந்த பள்ளம் பல சமயம் சுருங்கிவிடும். பள்ளி நாள்களில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வராதவர்கள் எத்தனை பேர் என்பதையும் பாருங்கள். அந்த எண் உயர்ந்திருந்தால் நான் யோசிப்பேன். பாதி வகுப்பு வராத நாளில் ஆசிரியர் பழைய பாடத்தையே மறுபடி நடத்த வேண்டிவரும்.

இனி பணம். அமெரிக்காவில் பள்ளிச் செலவில் பெரும்பகுதி மாநில அரசும் உள்ளூர்ச் சொத்து வரியும் தருவது, மத்திய அரசின் பங்கு சிறியது. வீட்டு மதிப்பு குறைந்த ஊர்களில் வரியும் குறைவாகத்தான் வரும். இதை எதிர்த்து நியூஜெர்சியில் 1981-ல் தொடங்கிய 'ஆபட் எதிர் பர்க்' வழக்கு பல பத்தாண்டுகள் நடந்தது. பணக்காரப் புறநகர்களுக்கு நிகரான பணம் ஏழை நகரங்களுக்கும் வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1990-ல் சொன்னது. ஜெர்சி சிட்டி உட்பட 31 டிஸ்ட்ரிக்ட்கள் இதில் பயன்பெற்றன. பிறகு 2008-ல் வந்த நிதிச் சட்டம், மாணவரின் தேவையைக் கணக்கில் சேர்த்தது. ஒரு மாணவருக்கு அடிப்படைத் தொகை 100 ரூபாய் என்று வைத்தால், வறுமையில் உள்ள பிள்ளைக்கு மேலும் 47 முதல் 57 ரூபாய் வரை சேரும். ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் தனியாக உண்டு. ஆக, செலவு கூடுதலாக இருப்பது ஊதாரித்தனத்துக்குச் சான்று ஆகாது, சட்டமே அப்படித்தான் கணக்குப் போடுகிறது. ஊழலே நடக்காது என்று சொல்ல வரவில்லை. 1989-ல் ஜெர்சி சிட்டிப் பள்ளிகளை மாநில அரசே எடுத்து நடத்த வேண்டிவந்தது. ஆனால் செலவுத் தொகையை மட்டும் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. அதோடு, நகரத்தின் சொத்து மதிப்பு ஏறிவிட்டதால், 2018-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஜெர்சி சிட்டிக்கு மாநில உதவி குறைந்துகொண்டே வந்தது. அதை ஈடுகட்ட நகராட்சி, அங்குள்ள நிறுவனங்கள் தரும் சம்பளத் தொகை மீது வரி போட்டது.

பணம் போட்டால் பலன் உண்டா என்றால், உண்டு. 12 ஆண்டுப் பள்ளிப் படிப்பு முழுக்கச் செலவு 10 சதவீதம் கூடினால், வளர்ந்தபின் ஊதியம் சுமார் 7 சதவீதம் கூடுவதாகப் பொருளாதார அறிஞர் கிராபோ ஜாக்சனும் உடன் ஆய்வாளர்களும் 2016-ல் காட்டினார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குப் பலன் இன்னும் அதிகம்.

உங்களை நேரடியாகத் தொடும் விஷயம் உங்கள் மகன். முன்பு சொன்ன ஆபட் வழக்கில் 1998-ல் வந்த தீர்ப்பால், ஜெர்சி சிட்டி போன்ற டிஸ்ட்ரிக்ட்களில் 3, 4 வயதுப் பிள்ளைகளுக்கு முழுநாள் ப்ரீ-கே (கிண்டர்கார்டனுக்கு முந்தைய வகுப்பு) இலவசம். வகுப்பில் அதிகபட்சம் 15 பிள்ளைகள், தகுதி பெற்ற ஆசிரியர், ஓர் உதவியாளர். குடும்ப வருமானத்தை யாரும் கேட்க மாட்டார்கள். புறநகரில் இது இல்லையென்றால் டேகேருக்கு மாதா மாதம் பெரிய தொகை எழுத வேண்டியிருக்கும். வாடகை வித்தியாசத்தோடு அதையும் கூட்டிப் பாருங்கள். அந்த ஆப் இதையெல்லாம் சொல்லாது.

என் யோசனை: மகள் மூன்றாம் வகுப்பில் இருக்கும்போது வெறும் 9-க்காக அதிக வாடகை கொடுக்க வேண்டாம். பார்த்த பள்ளியின் வளர்ச்சி எண் தொடர்ந்து 50-க்குப் பக்கத்திலோ மேலேயோ இருந்தால் ஜெர்சி சிட்டி போதும். உயர்நிலைப் பள்ளிக் கணக்கு வேறு. அங்கே ஏபி பாடங்கள் (கல்லூரித் தரத்தில் நடத்தப்படும் பாடங்கள்) எத்தனை, எந்தக் கணிதம் வரை நடத்துகிறார்கள் என்பது பெரிய விஷயம். ஒரே நகருக்குள் மெக்நேர் அகாடமிக் மாதிரி தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் பள்ளியும் இருக்கிறது, சாதாரணப் பள்ளிகளும் இருக்கின்றன. அதை ஏழாம் வகுப்பு வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் டிஸ்ட்ரிக்டின் பதிவு அலுவலகத்துக்கு போன் செய்து, அந்த விலாசத்துக்கு எந்தப் பள்ளி, இந்த ஆண்டு ப்ரீ-கேயில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். தெருவின் இந்தப் பக்கம் ஒரு பள்ளி, அந்தப் பக்கம் வேறு பள்ளி என்றெல்லாம் இருக்கும். நண்பர் வீட்டு விலாசம் கொடுத்துப் புறநகரில் சேர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கண்டுபிடித்தால் கட்டணம் வசூலிக்க டிஸ்ட்ரிக்டுக்குச் சட்டம் இடம் தருகிறது.