தக்கை பாதியில் உடைகிறதா? திருகைப் பாருங்கள்

சிறகு விரியும் திறப்பானால் (திருகும்போது இருபுறமும் கைகள் மேலெழும் வகை) ஒயின் பாட்டிலைத் திறந்தால் தக்கை பொடிந்து ஒயினில் விழுகிறது என்கிறீர்கள். குற்றம் உங்கள் கையில் இல்லை, தக்கைக்குள் இறங்கும் திருகில். அந்த வகையில் பலவற்றின் திருகு நடுவே கனத்த தண்டோடு வரும். தக்கையை அரைத்துத் தள்ளிவிடும். கம்பியைச் சுருட்டியதுபோல் நடுவில் வெற்றிடமுள்ள திருகாக வாங்குங்கள். உள்ளே ஒரு தீக்குச்சி நுழைய வேண்டும்.

வீட்டுக்கு, ஓட்டல்களில் பரிமாறுபவர்கள் வைத்திருக்கும் மடக்கு வகையே போதும். பாட்டில் விளிம்பில் ஊன்றும் நெம்புகோலில் இரண்டு படி இருக்கட்டும்: முதல் படியில் தக்கை பாதி எழும், அடுத்ததில் நேராக வெளியே வரும். ஒரே படியென்றால் தக்கை வளைந்து உடைய வாய்ப்பு அதிகம்.

மின்சாரத் திறப்பான் மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்குச் சரி; மற்றவர்களுக்கு, என்னைக் கேட்டால், வீண் செலவு. மிகப் பழைய பாட்டிலுக்கு மட்டும் திருகே வேண்டாம். இரண்டு மெல்லிய தகடுகள் கொண்ட வகையைத் தக்கைக்கும் பாட்டில் கழுத்துக்கும் இடையே இறக்கி, சுழற்றியபடி இழுங்கள்.