மைக்ரோஸ்கோப்புக்கு இந்தப் பக்கம்

கணவரின் ரிப்போர்ட்டில் ஒரு மில்லிக்கு 12 மில்லியன் விந்தணு என்று இருக்கிறது. இனி குழந்தை பிறக்காதா?
(வாசகி, திருப்பூர்)

அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ்வரம்பு 16 மில்லியன். ஆனால் அது பாஸ் மார்க் இல்லை. ஓராண்டுக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களைப் பரிசோதித்து வந்த எண் அது. அவர்களிலேயே 5 சதவீதம் பேர் அதற்குக் கீழேதான் இருந்தார்கள். சமீபத்தில் அவருக்குக் கடும் காய்ச்சல் வந்ததா? விந்தணு உருவாகி வெளியே வர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். தையில் வந்த காய்ச்சல் பங்குனி ரிப்போர்ட்டிலும் தெரியலாம். இன்னொரு முறை பரிசோதித்துப் பாருங்கள்; அதற்கு முன் 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும்.

ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடச் சொல்கிறார்கள். ஆண்மைக்கு நல்லதுதானே?
(வாசகர், சேலம்)

குழந்தை வேண்டுமென்றால் தொடவே தொடாதீர்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும், விந்தணு தயாரிக்கச் சொல்லும் உத்தரவை மூளை நிறுத்திவிடும். எண்ணிக்கை பூஜ்யம் வரை போகும். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும், ஆனால் மாதக்கணக்காகும்.

எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கிறேன். உங்களைப் போல விந்தணு ஆய்வுத் துறைக்கு வந்தால் எதிர்காலம் உண்டா?
(மாணவி, திருநெல்வேலி)

உண்டு, பொறுமை இருந்தால். நான் மருந்து எழுதும் டாக்டர் இல்லை, பிஎச்.டி. டாக்டர், இது என் மாமியாருக்கு இன்னும் புரியவில்லை.

ரியூசோ யானகிமாச்சியைப் பற்றித் தேடிப் படியுங்கள். ஜப்பானில் மீன் முட்டை கருவுறுவதை ஆராய்ந்தவர். ஆய்வு வேலை கிடைக்காமல் பள்ளியில் பாடம் நடத்தினார். அப்புறம் அமெரிக்காவில் எம்.சி.சாங்கின் ஆய்வகத்துக்குப் போனார். பெண்ணின் உடலுக்குள் சிறிது நேரம் பக்குவப்பட்ட பிறகே விந்தணுவால் முட்டைக்குள் நுழைய முடியும் என்று 1951-இல் கண்டவர் சாங். யானகிமாச்சி 1963-இல் ஹாம்ஸ்டர் என்ற எலி போன்ற பிராணியின் முட்டையை உடலுக்கு வெளியே கருவுறச் செய்தார். 1976-இல், மேலுறை நீக்கிய ஹாம்ஸ்டர் முட்டைக்குள் மனித விந்தணு நுழைவதைக் காட்டினார். எண்ணுவதோடு நிற்காமல், விந்தணுவுக்கு வேலை தெரியுமா என்று சோதிக்க வழி கிடைத்தது. என்னை இந்தப் பக்கம் இழுத்ததே அந்த எலி முட்டைதான்.

'ஜீரோ கவுன்ட்', அதாவது விந்தில் விந்தணுவே இல்லை என்றால், ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் இக்ஸியும் பயன்படாதா?
(வாசகர், மதுரை)

விந்தணு வெளியே வரும் பாதை அடைத்திருந்தால், விரையிலிருந்தே விந்தணுவை எடுத்து இக்ஸி செய்யலாம். ஆனால் சிலருக்கு ஒய் குரோமோசோமில் ஒரு சிறு துண்டே இருக்காது. சிலவகை இழப்பில் தேடினால் விந்தணு கிடைக்கும். சிலவகையில் கிடைப்பது மிக அரிது. அப்பாவிடம் இல்லாத துண்டு மகனுக்கும் இருக்காது. எனவே இக்ஸிக்குப் பணம் கட்டும் முன்பே அந்த மரபணுச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.