பிட்டர்ஃபெல்டில் பம்புகள் ஏன் நிற்பதில்லை? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிழக்கு ஜெர்மனியின் பிட்டர்ஃபெல்டில் பழைய ரசாயன ஆலைகள் மூடி முப்பது ஆண்டுகள் கடந்தும் நிலத்தடி நீரை இறைக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஊரை ஒட்டிய கோய்ட்சே ஏரியிலோ மக்கள் குளிக்கிறார்கள். ஏரி சுத்தம் என்றால் பம்புகள் எதற்கு?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஏரியில் இருப்பது முல்டே ஆற்று நீர். பழைய நிலக்கரிச் சுரங்கத்துக்குள் 1999இல் ஆற்றைத் திருப்பினார்கள். மெல்ல நிரம்ப வேண்டியது, 2002 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஒரேயடியாக நிரம்பிவிட்டது. நஞ்சு கிடப்பது ஊரின் மறுபக்கம், ஆலைகளுக்குக் கீழே.

1890களில் குளோரின் ஆலைகள் இங்கே வந்ததே பழுப்பு நிலக்கரியால்தான். உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சிக் குளோரினும் காஸ்டிக் சோடாவும் எடுக்க மலிவான மின்சாரம் வேண்டும். கரி எடுத்து முடித்த குழிகளில் ஆலைக் கழிவைக் கொட்டினார்கள். அன்டோனி என்ற குழியில், லிண்டேன் என்ற பூச்சிக்கொல்லியைத் தயாரித்தபோது மிஞ்சிய கழிவு இருக்கிறது. பென்சீனில் ஒளி படவிட்டுக் குளோரினைச் செலுத்தினால் எச்.சி.எச். (ஹெக்சாகுளோரோசைக்ளோஹெக்சேன்) கிடைக்கும். அதில் பூச்சியைக் கொல்லும் காமா வகை, அதாவது லிண்டேன், நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்குதான். ஒரு டன் லிண்டேன் எடுத்தால் எட்டு டன்னுக்குக் குறையாமல் கழிவு மிஞ்சும். 1982 வரை இது நடந்தது.

சுரங்கம் ஓடியவரை நீரை இறைத்துக்கொண்டே இருந்தார்கள். நீர்மட்டம் தாழ்ந்தே இருந்தது. தோண்டுவது நின்றதும் நீர் ஏறிக் கழிவை நனைத்தது. ஏரி திடீரென நிரம்பியது நிலத்தடி நீர்மட்டத்தை இன்னும் ஏற்றிவிட்டது.

நிலத்தடி நீரில் கலந்த ஆலை ரசாயனங்களில் ஒன்றான குளோரோபென்சீன் நீரைவிடக் கனமானது, அடர்த்தி 1.1. அதனால் ஆழத்துக்கு இறங்குகிறது. மண்ணிலுள்ள கரித்துணுக்குகள் அதை உறிஞ்சி, பிறகு வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகின்றன. கீழே ஆக்சிஜன் இல்லாததால் நுண்ணுயிர்களும் அதை எளிதில் சிதைப்பதில்லை. இறைத்து இறைத்துத் தெளிந்ததாகத் தோன்றும் கிணறு, பம்பை நிறுத்தினால் மறுபடி கெடுவது இதனால்தான்.

ஆகவே அந்தக் கிணறுகளின் முதல் வேலை நீரைச் சுத்தமாக்குவதல்ல, ஊருக்குள்ளும் ஆற்றுக்கும் நகரவிடாமல் மறிப்பது. இறைத்த நீர் சுத்திகரிப்புக்குப் போகிறது. பம்புகள் நின்றால் வீடுகளின் நிலவறைகளில் நீர் ஏறும், கூடவே ரசாயன ஆவியும் வரும். செலவு அரசுப் பணம். ஏரியின் படத்தைப் போட்டு ‘ஊர் மீண்டுவிட்டது’ என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஏரியில் தாராளமாகக் குளிக்கலாம். ஆனால் ஷ்பிட்டல்வாசர் ஓடை வழியே முல்டேக்குப் போன எச்.சி.எச். ஆற்றங்கரைச் சேற்றில் இன்னும் இருக்கிறது. வெள்ளம் வந்தால் அது மேய்ச்சல் நிலத்தில் படியும். மாடுகளை விடுமுன் அங்கே புல்லைச் சோதிக்க வேண்டியிருக்கிறது.